பின்சக்கரக் குடமும் பல்லும்: ஒற்றைவேக மிதிவண்டி பற்றிச் சில குறிப்புகள்

தோற்றுவாய்

பாலவனத்தம் என்றவுடன் தமிழ் கற்றார் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது அவ்வூர் ஜமீன்தாராய் விளங்கிய பாண்டித்துரைத் தேவர் அவர்களின் திருப்பெயரே. 1901 ஆம் ஆண்டில் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட பெருமகனார் அவர். ஆதலின் அவ்வூரைக் குறித்து மலர்களில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் சங்கத்தின் வரலாற்றையே எழுதுவர். நாம் ஈண்டு எழுதப் புகுவதோ, அவ்வூர்ச் சாலையில் நாள்தோறும் ஓடும் மிதிவண்டியின் பின்சக்கரத்தைப் பற்றி. தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என வினவுவார் உளராயின், வண்டியின் அச்சைப் பற்றி வள்ளுவரே பேசியுள்ளார் என்பதை நினைவூட்டலாம். மயிற்பீலியே ஆயினும் அளவிறந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று அவர் கூறிய இடம் வலியறிதல் என்னும் அதிகாரம். வினையின் வலியும் தன் வலியும் தூக்கிச் செய்தல் வேண்டும் என்பதே அவ்வதிகாரத்தின் கருத்து. மிதிவண்டிக்குப் பல் தேர்வதும் அதுவே.

இதனை எழுதத் தூண்டியவை இரண்டு. நம் மாணவர் சிலர், வெளிநாட்டு நகரங்களில் இளைஞர் ஓட்டும் ஒருவகை மிதிவண்டியைக் கைப்பேசித் திரையில் கண்டு, அதுபோல் தம் வண்டியையும் மாற்ற விழைகின்றனர். அவ்வண்டியில் பின்பல் சக்கரத்தோடு இறுகப் பிணைந்திருக்கும். சக்கரம் சுழலும்வரை மிதிகட்டையும் சுழலும். கால் ஓய்வதற்கு இடமில்லை. மற்றொன்று, நம் பெரியவர் பலர், கால் வலிக்கிறது என்று கூறி, முப்பது நாற்பது ஆண்டு துணையிருந்த வண்டியைத் திண்ணை ஓரம் சாய்த்துவிட்டனர். முன்னவர் செய்யப் புகுவது உயிருக்கு ஊறு விளைப்பது. பின்னவர் விட்டதோ சில நூறு ரூபாயில் மீட்கத்தக்கது. இரண்டும் ஒரே இடத்தில், பின்சக்கரத்தின் நடுவில் உள்ள குடத்திலும் பல்லிலும் வந்து நிற்கின்றன.

பெயரும் பொருளும்

மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதியைக் குடம் என்று நம் தச்சர் வழங்குவர். பழைய நூல்வழக்கில் குறடு என்பர். அதிலிருந்து விரிவன ஆரக்கால்கள். அவற்றைச் சூழ்ந்திருப்பது வட்டை. மிதிவண்டியிலும் இவ்வுறுப்புகள் அனைத்தும் உள, பெயர்தான் மாறிவிட்டது. குடம் ஹப் ஆயிற்று. ஆரக்கால் ஸ்போக்ஸ் கம்பி ஆயிற்று. வட்டை ரிம் ஆயிற்று. எனினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. மாட்டுவண்டியின் சக்கரம் இழுக்கப்படுவது. மிதிவண்டியின் பின்சக்கரமோ இழுப்பது. காலின் விசை செயின் வழியாக வந்து சேரும் இடம் அக்குடமே. வண்டியின் மொத்தப் பாரத்தில் பெரும்பகுதியும் அதன்மேல்தான் அமர்கிறது. நம் நாட்டுப் பெரிய மிதிவண்டிகளில் முன்சக்கரத்திற்கு 32 கம்பிகளும் பின்சக்கரத்திற்கு 40 கம்பிகளும் இருப்பதன் காரணம் இதுவே.

சக்கரத்தோடு இறுகிய பல்லை நிலைப்பல் என்றும், பின்னோக்கி மிதித்தால் தனித்துச் சுழலும் பல்லை விடுபல் என்றும் இக்கட்டுரையில் வழங்குவோம். நாமே ஆக்கிய சொற்கள் இவை. கடையில் சென்று விடுபல் தருக என்று கேட்டால் பல் மருத்துவமனைக்கு வழி சொல்வர். ஆங்குப் பிரீவீல் என்றே கேட்டல் வேண்டும். கலைச்சொல் ஆக்குவோர் ஒருமுறை கடைத்தெருவுக்குச் சென்று கேட்டுப் பார்த்தல் நலம் என்பது எம் துணிபு.

முதலில் எல்லாம் நிலைப்பல்லே

நிலைப்பல் என்பது இன்று தோன்றிய புதுமையன்று. முன்சக்கரம் பெருத்தும் பின்சக்கரம் சிறுத்தும் இருந்த 19 ஆம் நூற்றாண்டு வண்டிகளில் மிதிகட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. இன்றும் குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் அவ்வமைப்பைக் காணலாம். குழந்தை காலை எடுத்துவிட்டாலும் மிதிகட்டை தானே சுழன்று கணுக்காலில் இடிப்பது அதனாலேயே. ஒருமுறை மிதித்தால் சக்கரம் ஒருமுறைதான் சுழலும் ஆதலின், விரைவு வேண்டுவோர் சக்கரத்தைப் பெரிதாக்குவதன்றி வேறு வழியில்லை. 1885 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் செய்த ரோவர் வண்டியில் செயின் வழியாகப் பின்சக்கரம் இயக்கப்பட்டது. பெரிய பல்சக்கரம் ஒன்று, சிறிய பல்சக்கரம் ஒன்று, இடையே செயின். சக்கரம் சிறிதாக இருந்தும் விரைவு கிட்டியது.

அருப்புக்கோட்டை நெசவாளர் இல்லங்களில் வளர்ந்த மாணவருக்கு இதனை விளக்கவே வேண்டுவதில்லை. ராட்டையின் பெருஞ்சக்கரம் ஒருமுறை சுழல்வதற்குள் கதிர் பன்முறை சுழல்வதை அவர் தவழும் பருவத்திலேயே கண்டிருப்பர். ராட்டையில் கயிறு செய்வதை வண்டியில் செயின் செய்கிறது.

ரோவர் வண்டியிலும் பின்பல் நிலைப்பல்லே. விடுபல் பரவியது அந்நூற்றாண்டின் இறுதியில்தான். அதன் பின்னரும் பந்தய வீரர்கள் நிலைப்பல்லை முற்றிலும் கைவிடவில்லை. 1903 இல் தொடங்கிய பிரான்சு நாட்டுச் சுற்றுப் பந்தயத்தில், ஓடும்போதே பல் மாற்றும் கருவி 1937 வரை அனுமதிக்கப்படவில்லை. வீரர்கள் குடத்தின் இருபுறமும் வெவ்வேறு பல் பொருத்திக்கொண்டு, மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி ஏறினர். அவ்விருபுறக் குடமே இன்று ஒருபுறம் நிலைப்பல்லும் மறுபுறம் விடுபல்லும் கொண்டு விற்கப்படுகிறது. சப்பானில் 1948 ஆம் ஆண்டில் கொக்குரா நகரில் தொடங்கிய கெய்ரின் பந்தயம் இன்றும் பிரேக் இல்லாத நிலைப்பல் வண்டியில்தான் நடைபெறுகிறது. ஆனால் அது நடைபெறுவது வளைவுகள் சரிவாக உயர்த்தப்பட்ட, வேறு வண்டியோ ஆடோ மாடோ குறுக்கே வாராத பந்தயத் தளத்தில். இதனை மறந்தே நம் இளைஞர் அவ்வண்டியை விரும்புகின்றனர்.

நம் நாட்டின் கதை வேறு. 1949 இல் சென்னை அம்பத்தூரில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனமும், வடநாட்டு நிறுவனங்களும் பெருமளவில் செய்தளித்தவை பல் மாற்றும் கருவி இல்லாத, விடுபல் ஒன்றே உள்ள வண்டிகள். மாவட்டம் மாவட்டமாக மக்களின் வாழ்வை மாற்றியவை அவ்வெளிய வண்டிகளே. புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கக் காலத்தில், 1990களின் தொடக்கத்தில், பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவருள் அடங்குவர். தமிழக அரசு 2001-02 இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கிப் பின்னர் ஏனையோர்க்கும் விரித்தது. நம் வகுப்பறையில் அமர்ந்துள்ளோரில் பலர் அவ்வண்டியில் பள்ளிக்குச் சென்றவரே.

எத்தனை பல்?

பல்லின் எண்ணிக்கைக்கு வருவோம். நம் பெரிய மிதிவண்டியில் பெரும்பான்மையும் முன்பற்சக்கரத்தில் 44 பற்களும் பிரீவீலில் 18 பற்களும் உள. 44 ஐ 18 ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.44. அஃதாவது மிதிகட்டை ஒருமுறை சுழன்றால் பின்சக்கரம் இரண்டரை முறைக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். இதனைச் சரிபார்க்க நூல் தேவையில்லை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, மிதிகட்டையைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிக் கோடு எத்தனைமுறை கீழே வருகிறது என எண்ணினால் போதும்.

இம்மடங்கைச் சக்கரத்தின் விட்டத்தால் பெருக்கி அங்குலக் கணக்கில் கூறுவது பழைய மரபு. 28 அங்குலச் சக்கரத்திற்கு 44க்கு 18 என்பது 68 அங்குலம். இவ்வெண்ணின் பொருள் யாது? பழைய பெருஞ்சக்கர வண்டியில் 68 அங்குல விட்டமுள்ள சக்கரத்தை நேரே மிதித்தால் எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவு தூரம் இவ்வண்டியும் ஒரு மிதிச் சுற்றுக்குச் செல்லும் என்பதே. பெருஞ்சக்கர வண்டி மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அதன் அளவுகோல் மட்டும் மறையவில்லை. ஊர்கள் அழிந்தும் பெயர்கள் செய்யுளில் நிற்பது போன்றதோர் செய்தி இது.

18க்குப் பதிலாக 20 பல் இட்டால் ஏறத்தாழ 62 அங்குலம். 22 பல் இட்டால் 56. முன்னே 48 பல் உள்ள வண்டியில் பின்னே 18 இருப்பின் 75 அங்குலம் ஆகும். பெண்கள் ஓட்டும் 26 அங்குலச் சக்கர வண்டியில் 44க்கு 18 என்பது 64 அங்குலத்தைத் தாண்டாது. ஒரே பிரீவீல் பெரிய வண்டியில் கனத்தும் சிறிய வண்டியில் இலேசாகவும் இருப்பதன் காரணம் இதனால் விளங்கும்.

தூரக் கணக்காகப் பார்ப்பின், 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.23 மீட்டர் ஓடும். எனவே 18 பல்லில் ஒரு மிதிச் சுற்றுக்கு 5.46 மீட்டர், 22 பல்லில் 4.47 மீட்டர். நிமிடத்திற்கு 60 சுற்று மிதிப்பவர் முன்னதில் மணிக்கு 20 கிலோமீட்டரை ஒட்டியும், பின்னதில் 16 கிலோமீட்டரை ஒட்டியும் செல்வர். இழந்தது நான்கு கிலோமீட்டர். பெற்றது யாது? அதே காலழுத்தத்திற்குச் சக்கரத்தில் கிட்டும் இழுவிசை ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மிகுதி. வேறு வகையிற் கூறின், 18 பல்லில் எழுந்து நின்று மிதிக்கவேண்டிய இடத்தில் 22 பல்லில் அமர்ந்தபடியே மிதிக்கலாம்.

இவ்விடத்தில் நிலத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். விருதுநகரிலிருந்து பாலவனத்தம் வழியாக அருப்புக்கோட்டைக்கும், அங்கிருந்து திருச்சுழிக்கும் செல்லும் நாட்டில் மலையேற்றம் என்பது இல்லை. கரிசலும் செம்மண்ணும் மாறிமாறி வரும் வானம் பார்த்த பூமி அது. மலையில்லாத நாட்டில் கனத்த பல்லே சிறந்தது என்று நூல்வழி கற்றோர் கூறக்கூடும். அவர் ஆனி, ஆடி மாதங்களில் இங்கு மேற்கு நோக்கி ஒருமுறை வண்டி மிதித்துப் பார்த்திலர். மலை முடிவுறும் இடம் கண்ணுக்குத் தெரியும். எதிர்காற்றுக்கோ முடிவு தெரியாது. மரநிழல் அரிதாகிய வெட்டவெளியில் அக்காற்று ஊர் சேருமளவும் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

காற்றோடு பாரமும் சேரும். கோடையில் கேரியரின் இருபுறமும் பிளாஸ்டிக் குடங்களைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு தண்ணீருக்குச் செல்வோர் இவ்வட்டாரத்தில் இன்றும் உளர். குடம் ஒன்றுக்கு 15 லிட்டர் எனக் கொண்டாலும் நான்கு குடங்களுக்கு 60 கிலோகிராம். இன்னொரு ஆளை ஏற்றியதற்குச் சமம். சீமைக் கருவேலங்கரியை மூட்டையாக ஏற்றிச் செல்வோரின் பாரம் இதனினும் மிகுதி. இத்தகையோர்க்கு 18 பல் பொருந்தாது. 22 பல் இடுதலே அறிவுடைமை. முழங்கால் தேய்ந்த பெரியவர்க்கும் அதுவே. அவர் விரைந்து சென்று அடையவேண்டிய இடம் ஏதுமில்லை. பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும் சென்று வருவதற்கு மணிக்கு 12 கிலோமீட்டர் தாராளம். வலி வந்தது வண்டியால் அன்று. பதினெட்டு வயதிற்கேற்ற பல்லை அறுபது வயதிலும் மிதித்தமையால். நாள்தோறும் இருபுறமும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மிதித்துக் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு, பாரம் இல்லையாயின் 18 ஏற்கத்தக்கது. எம்மைக் கேட்பின் 20 என்போம். இளமையின் வீம்பு 18 ஐ நாடும் என்பதும் யாம் அறிந்ததே.

பிரீவீலை மாற்றும்போது இரண்டை நினைவிற் கொள்ளல் வேண்டும். பல் ஒன்று கூடினால் அச்சு எட்டில் ஒரு பங்கு அங்குலம் முன்னோக்கி நகரவேண்டும். 18 இலிருந்து 22 க்கு மாறினால் அரை அங்குலம். பின் கவையின் காடியில் அவ்வளவு இடமிருப்பின் பழைய செயினே போதும். இல்லையேல் செயினில் ஓர் அங்குலம் சேர்த்தல் வேண்டும். இரண்டாவது, தேய்ந்த செயினைப் புதுப் பல்லின்மேல் போடலாகாது. செயினின் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு அரை அங்குலம் என்பது உலகெங்கும் ஒரே அளவு. எனவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கவேண்டும். அளவுகோலை வைத்துப் பார்க்க 12 அங்குலமும் எட்டில் ஒரு பங்கும் இருப்பின் அச்செயின் ஆயுள் முடிந்தது. அதனைப் புதுப் பல்லில் மாட்டினால் பாரத்தோடு எழுந்து மிதிக்கும் தருணத்தில் வழுக்கும். மிதிப்பவர் பாருக்குமேல் விழுவர்.

நிலைப்பல் விரும்பும் இளைஞர்க்கு

அண்மையில் ஒரு மிதிவண்டிக் கடையில் நாம் நின்றுகொண்டிருந்தபோது கேட்ட உரையாடலை அவ்வழக்கிலேயே தருகிறோம். கல்லூரி மாணவர் ஒருவர் தம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"பாய், இந்தப் பிரீவீலை வெல்டிங் வச்சு இறுக்கிக் குடுங்க. பின்னால மிதிச்சா வண்டி நிக்கணும்."

கடைக்காரர் தலைநிமிராமலே விடையிறுத்தார்: "தம்பி, வெல்டிங் வைக்கிறது அஞ்சு நிமிச வேலை. நீ பின்னால மிதிச்சா வண்டி நிக்காது, மரைதான் கழண்டு வரும். செயின் சிக்கிச் சக்கரம் பூட்டிக்கிட்டா எந்தப் பள்ளத்துல கெடப்பியோ. உங்க அத்தாவைக் கூட்டிட்டு வா, அவரு சொல்லட்டும், வைக்கிறேன்."

அம்மாணவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றுவிட்டார். கடைக்காரர் கூறியதில் அடங்கிய பொறியியலை விரித்துரைத்தல் நம் கடன். சாதாரணக் குடத்தில் பிரீவீல் மரையால் ஏற்றப்படுகிறது. முன்னோக்கி மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் அம்மரையை மேலும் இறுக்கும். பின்னோக்கி மிதிக்கும்போது விடுபல் தனித்துச் சுழன்றுவிடுவதால் மரைக்கு எதிர்விசையே செல்வதில்லை. ஆதலின் அக்குடத்தில் வேறு பூட்டு வைக்கப்படவில்லை. பிரீவீலைப் பற்றவைத்து இறுக்கிவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. பின்மிதிக்கும் விசை முழுவதும் மரையைக் கழற்றும் திசையில் பாய்கிறது. நிறுத்தவேண்டும் என்று மிதித்த அந்த நொடியிலேயே நிறுத்தும் ஆற்றல் இல்லாமற் போகிறது.

நிலைப்பல்லுக்கென்றே செய்யப்படும் குடத்தில் மரை இரண்டு படிகளாக அமைந்திருக்கும். உட்புறத்துப் பெரிய மரையில் பல் ஏறும். வெளிப்புறத்துச் சிறிய மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. அதில் பூட்டு வளையம் ஒன்று ஏறும். பல் கழல முயன்றால் அதே சுழற்சி வளையத்தை மேலும் இறுக்கும். ஒன்று கழலும் திசை மற்றொன்று இறுகும் திசையாக அமைத்த அறிவு வியக்கத்தக்கது. வாங்கும்போது இவ்விரு படிகள் உளவா என்று கண்ணாற் பார்த்து, விரலால் தடவி அறிதல் வேண்டும். பிரீவீல் குடத்தின் மரையும் நிலைப்பல்லின் மரையும் ஏறத்தாழ ஒரே அளவினவாதலின், இரண்டாம் படி இல்லாத குடத்திலும் நிலைப்பல் ஏறி உட்காரும். ஏறியதைக் கொண்டு பொருந்தியது என எண்ணி ஏமாறுவோர் பலர்.

குடத்தின் அகலமும் பார்க்கத்தக்கது. பந்தயத்தள வழக்கில் வந்த நிலைப்பல் குடங்கள் இருபுற நட்டுகளுக்கிடையே 120 மில்லிமீட்டர் அகலம் கொண்டவை. தம் வண்டியின் பின்கவை எவ்வளவு அகலம் என்று அளக்காமல் வாங்கி, கவையை நெம்பி விரிப்பதோ நெருக்குவதோ தகாது. கம்பித் துளைகளின் எண்ணிக்கை ரிம்மின் துளைகளோடு ஒத்திருக்கவேண்டும். 36 துளைக் குடத்தை 40 துளை ரிம்மில் கோக்க எவராலும் இயலாது.

பின்பல்லும் முன்பல்லும் ஒரே நேர்கோட்டில் நிற்றல் இன்றியமையாதது. விடுபல் வண்டியில் செயின் கழன்றால் வண்டி உருண்டோடி நிற்கும். இறங்கிக் கையில் எண்ணெய்க்கறையோடு மாட்டிக்கொள்ளலாம். நிலைப்பல் வண்டியில் கழன்ற செயின் பல்லுக்கும் கம்பிக்கும் இடையே சிக்கினால் சக்கரமே பூட்டிக்கொள்ளும். ஆதலின் செயினின் தொய்வு நடுவில் அரை அங்குலத்திற்கு மேற்படலாகாது. முற்றிலும் விறைப்பாகவும் இருத்தலாகாது. காற்சட்டையை மடித்துக் கட்டாமல் ஓட்டுவதும், கைலியோடு ஏறுவதும் நிலைப்பல் வண்டியில் கூடவே கூடா. துணியைக் கவ்விய பல் கால் ஓய்ந்தாலும் ஓயாது.

நிலைப்பல்லில் மற்றொரு நுட்பம் உண்டு. பின்மிதித்துச் சக்கரத்தைச் சறுக்கி நிறுத்துவோர் எப்போதும் மிதிகட்டையை ஒரே நிலையில் வைத்தே நிறுத்துவர். 44க்கு 22 என்னும் பல்லில் மிதிகட்டை ஒருமுறை சுழல்வதற்குள் சக்கரம் மிகச்சரியாக இருமுறை சுழல்கிறது. எனவே ஒவ்வொரு முறையும் டயரின் ஒரே இடம் தரையில் உராய்ந்து தேய்ந்து அவ்விடத்தில் ஓட்டை விழும். 44க்கு 18 எனில் அவ்வுராய்வு ஒன்பது இடங்களில் பகிரப்படும். 17 பல் எனில் பதினேழு இடங்களில். பொதுக் காரணி இல்லாத எண்கள் இங்குச் சிறக்கின்றன. பள்ளிக் கணக்கில் மீப்பெரு பொதுக்காரணி எதற்கு என்று கேட்ட மாணவர்க்கு இதோ விடை.

பிரேக்கைப் பற்றி இறுதியாக ஒன்று கூறாமல் விடுவதற்கில்லை. வண்டியை நிறுத்தும்போது பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது; பின்சக்கரம் இலேசாகிறது. ஆதலின் பின்சக்கரத்தைக் காலால் அடக்குவது எவ்வளவு வலிய கால் ஆயினும் முன்பிரேக்குக்கு ஈடாகாது. 44க்கு 18 பல்லோடு பாலத்துச் சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டரில் இறங்கினால் மிதிகட்டை நிமிடத்திற்கு 120 முறைக்கு மேல் சுழலும். அச்சுழற்சியை எதிர்த்து மிதிப்பது பழகாதவரால் ஆகாது. இலண்டன் மாநகரில் 2016 இல் முன்பிரேக் இல்லாத நிலைப்பல் வண்டி மோதிப் பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். ஓட்டிய இளைஞர் மறு ஆண்டில் சிறைத்தண்டனை பெற்றார். நிலைப்பல்லைப் பின்பிரேக்காக ஏற்கும் அந்நாட்டுச் சட்டமும் முன்பிரேக்கைக் கட்டாயமாக்கியே உள்ளது. நிலைப்பல்லே வேண்டும் என்பவர் உரிய குடமும் பூட்டு வளையமும் முன்பிரேக்கும் வாங்கும் ஆற்றல் பெறும்வரை காத்திருக்கட்டும். பொருள் இன்மையால் பற்றவைத்து ஒப்பேற்றுவது வறுமையினும் கொடிது.

புழுதி நாட்டில் குடம் பேணல்

குடத்தின் உள்ளே அச்சைச் சூழ்ந்து இருபுறமும் கால் அங்குலக் குண்டுகள் பக்கத்திற்கு ஒன்பதாகப் பதினெட்டு உள. கடைக்காரர் பால்ஸ் என்பது இவற்றையே. கோன் என்னும் கூம்பும் கப் என்னும் கிண்ணமும் அவற்றைத் தாங்குவன. இன்று விலையுயர்ந்த குடங்களில் குண்டுகள் முத்திரையிட்ட வளையத்துள் அடைக்கப்பட்டு வருகின்றன. புழுதி உட்புகாமை அவற்றின் சிறப்பு. ஆயின் தேய்ந்தபோது அவ்வளையத்தை முழுதாக மாற்றவேண்டும். அதற்குரிய அளவும் கருவியும் சிற்றூர்க் கடையில் கிட்டுவது அரிது. கோன், கப் அமைப்பை எந்த ஊர்ப் புளியமரத்தடிக் கடையிலும் அரைமணி நேரத்தில் பிரித்துக் கழுவிக் கிரீஸ் இட்டுப் பூட்டுவர். எனவே நம் வட்டாரத்துக்குப் பழைய அமைப்பே பொருந்தும் என்பது எம் கருத்து. ஆண்டுக்கு இருமுறை, கோடைப் புழுதி அடங்கியபின் ஒருமுறையும் ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தபின் ஒருமுறையும், ஓவராயில் செய்தல் போதும். மழைக்காலக் கரிசல் சேறு சக்கரத்திலும் கவையிலும் அப்பிக்கொண்டு வண்டியையே நகரவிடாது என்பதை இங்குள்ளோர் அறிவர். அச்சேறு காயுமுன் கழுவிவிடல் நன்று.

குடத்திற்குக் கிரீஸ் உகந்தது, பிரீவீலுக்கு ஆகாது. பிரீவீலினுள் சிறு நாக்குகள் இரண்டு வில்லின் விசையால் எழுந்து உட்பற்களில் மாட்டுகின்றன. வண்டி உருளும்போது கேட்கும் கிரகிர ஒலி அவை பல்தாண்டும் ஒலியே. கெட்டியான கிரீஸ் அந்நாக்குகளை ஒட்டவைத்துவிடும். மிதித்தால் பல் பிடிக்காமல் வெற்றாகச் சுழலும். நடுவழியில் பாரத்தோடு நிற்பவர் படும் துயரைச் சொல்லவேண்டா. பிரீவீலுக்கு மெல்லிய எண்ணெய் சில துளிகளே உரியது. வண்டியைச் சாய்த்து, பல்லுக்கும் உள்வளையத்துக்கும் இடையிலுள்ள கோட்டில் விட்டு, பின்னோக்கிச் சுழற்றி, வழிந்ததைத் துடைத்துவிடல் வேண்டும். துடையாவிடின் அவ்வெண்ணெயில் புழுதி படிந்து மாவரைக்கும் கல்போல் பல்லை அரைக்கும்.

புதிய பிரீவீலை ஏற்றுமுன் குடத்தின் மரையில் சிறிது கிரீஸ் தடவச் சொல்லுதல் வேண்டும். தடவாமல் ஏற்றினால், ஆண்டுக்கணக்கில் ஒவ்வொரு மிதியாலும் இறுகி, பின்னொருநாள் கழற்ற முற்படும்போது கருவிக்கு அசையாது. உளிவைத்துத் தட்டிக் கழற்றுவர். குடத்தின் மரை சிதையும். பிறகு குடம் மாற்றவேண்டும், நாற்பது கம்பிகளையும் பிரித்துக் கோக்கவேண்டும், கோட்டம் எடுக்கவேண்டும். மாற்றியபின் முதல்நாள் ஓட்டி வந்ததும் பின் அச்சின் இருபுற நட்டுகளையும் ஒருமுறை மீண்டும் முடுக்கி, செயினின் தொய்வையும் பார்த்துவிடல் தகும். புதிய மரை முதல் சில கிலோமீட்டரில்தான் தன் இடத்தில் சென்று அமர்கிறது.